ஒரு பகல் புதுவையில்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'ஊரும் கவிதையும்' என்னும் பொருளில் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். நான் அண்ணாமலையைப் பற்றிப் பேசுவேன் என்றே எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால், இந்த மேடையில் பத்து ஆண்டுகளாக மலையைத்தான் பாடி வருகிறோம். நம் கவியரங்குகளில் மலை வராத கவிதைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே இன்று மலைக்கு முதுகு காட்டிக் கிழக்கே செல்ல அனுமதி வேண்டுகிறேன். நம்மூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பேருந்தில் மூன்று மணி நேரம். அங்கே புதுவை இருக்கிறது. அந்நகரில் ஒரு பகல் முழுதும் நடந்தால் ஒரு கவிஞன் எதைக் காணலாம், நம்மூருக்கு எதைக் கொண்டு வரலாம் என்பதே என் பேச்சு.

புதுவைப் பயணம் கடற்கரையில் தொடங்குவதாக எண்ணுதல் தவறு. அது செஞ்சியிலேயே தொடங்கிவிடுகிறது. செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் உள்ள வேங்கடரமணர் கோயிலைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1750இல் செஞ்சியைப் பிடித்த பிரஞ்சுக்காரர் அங்கிருந்து பெயர்த்துச் சென்ற கருங்கல் தூண்கள் ஒரு காலத்தில் துய்ப்ளே சிலையைச் சுற்றி நின்றன. இன்று அதே தூண்கள் புதுவைக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கின்றன. பெருமாளுக்காகச் செதுக்கப்பட்டவை ஆளுநருக்குக் காவல் நின்று, பின்னர் மகாத்மாவுக்குக் குடையில்லாக் குடைக்கால்களாக நிற்கின்றன. நாம் ஏறும் பேருந்தும் அக்கற்கள் சென்ற திசையிலேதான் செல்கிறது.

காலை வெயில் ஏறுமுன் அரிக்கமேட்டுக்குச் செல்லுதல் நலம். நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் தென்னையும் மாவும் அடர்ந்த ஒரு மேடு. அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று சிலர் ஏமாற்றத்துடன் திரும்புவதைக் கண்டிருக்கிறேன். அகழ்ந்த குழிகள் மூடப்பட்டுவிட்டன. நிற்பவை பாதிரிமார் கட்டடம் ஒன்றின் சிதைந்த தூண்கள் மட்டுமே. ஆனால் 1945இல் மார்ட்டிமர் வீலர் இங்கு அகழ்ந்தபோது இத்தாலி நாட்டு அரெட்சோவில் வனையப்பட்ட மட்கலங்களின் உடைசல்களும், மது கொணர்ந்த சாடிகளின் துண்டுகளும், தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும் ஒரே மண்ணிற் கிடைத்தன. 1947 முதல் 1950 வரை கசால் அகழ்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மீண்டும் அகழ்ந்தனர். யவனர் என்னும் சொல்லுக்கு வகுப்பறையில் உரை சொல்லிச் சொல்லி எனக்குச் சலித்திருந்த காலம் ஒன்றுண்டு. அம்மேட்டின் மண் உரைநூல் சொல்லாத பொருளைச் சொல்கிறது. வந்தவர் மதுச்சாடியோடு வந்தனர்; இருந்தவர் பளிங்கையும் கண்ணாடியையும் உருக்கி, துளையிட்டு, மணி கோத்துக் கொடுத்தனர். கலப்புக்கு முதல் காரணம் பண்பாடு அன்று, வாணிகம்.

அங்கிருந்து நகருக்குள் வந்தால் கோடு போட்டாற்போன்ற நேர்வீதிகள். 1693 முதல் 1699 வரை இந்நகர் டச்சுக்காரர் வசமிருந்தபோது வரையப்பட்ட திட்டமே இவ்வீதிகளுக்கு அடிப்படை என்பர். நடுவே ஒரு பெரிய வாய்க்கால். அதற்குக் கிழக்கே, கடலோரம், வெள்ளையர் நகரம். மேற்கே கறுப்பர் நகரம். இப்பெயர்களை இன்றைய விடுதிக்காரர்கள் பிரஞ்சு நகரம், தமிழ் நகரம் என்று நயமாக மாற்றிக்கொண்டார்கள். வாய்க்கால் மாறவில்லை. கிழக்கே மதில் உயர்ந்த மஞ்சள் வீடுகள். வாசல் அடைத்துக் கிடக்கும், வாழ்வு உள்ளே நடக்கும். மேற்கே திண்ணையும் தெருவோரத் தாழ்வாரமும். வாழ்வு வாசலிலேயே நடக்கும். தெற்கே காஜியார் வீதி, முல்லா வீதி எனத் தொடங்கும் இசுலாமியர் பகுதி. ஒருவன் அரைமணி நேரத்தில் மூன்று உலகங்களைக் கடந்துவிடலாம். ஆயினும் அம்மூன்றும் ஒன்றோடொன்று கலவாதிருக்கவே கோடுகள் வரையப்பட்டன என்பதை நாம் மறத்தலாகாது. பல்பண்பாட்டு நகரம் என்று இந்நாளில் மகிழ்ந்து சொல்கிறோம். அந்த மகிழ்ச்சியில் எனக்குப் பாதிதான் உடன்பாடு.

மீதிப் பாதியை விளக்க, ரங்கப்பிள்ளை வீதிக்கு உங்களை அழைத்துச் செல்ல வேண்டும். பெரிய அங்காடியின் அருகே, கடைகளின் இரைச்சலுக்கு நடுவே, ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. கீழ்த்தளத்தில் நம் செட்டிநாட்டு வீடுகளை நினைவூட்டும் செதுக்கிய மரத்தூண்கள். மேல்தளத்தில் பிரஞ்சுப் பாணியில் வெண்சுதைத் தூண்கள். ஒரே முற்றத்தைச் சுற்றி இரண்டும் நிற்கின்றன. 1709இல் பிறந்து, துய்ப்ளேயின் துபாசியாய் உயர்ந்த அவர், 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். பெப்பீசு என்னும் ஆங்கிலேயரோடு அவரை ஒப்பிடுவது வழக்கம். பெப்பீசு எழுதியது ஏறத்தாழ ஒன்பதரை ஆண்டுகள்; பிள்ளை எழுதியது இருபத்தைந்து ஆண்டுகள். அக்குறிப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழில் எழுதப்பட்ட ஒன்றைத் தமிழர் முழுமையாகப் படிக்க ஆங்கிலத்தின் பின்னால் காத்திருக்க நேர்ந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்நடையை இலக்கணப் பிழை மலிந்தது என்று ஒதுக்குவார் உளர். நான் அதைத் தமிழ் உரைநடையின் பெருஞ்செல்வங்களுள் ஒன்றாகக் கருதுகிறேன். முசே என்பார், கும்பினீர் என்பார், குவர்னர் என்பார், அவ்வளவும் தமிழாகிவிடும். கப்பல் வந்தது, பீரங்கி முழங்கியது, இன்னார் வந்தார், இந்தப் பேச்சு நடந்தது என்று நாழிகைக் கணக்கோடு எழுதிச் செல்வார். ஆட்களைக் கடத்தி அறையில் அடைத்து, இரவில் அடிமைகளாகக் கப்பலேற்றிய கும்பல் ஒன்று பிடிபட்ட செய்தியும் அதில் உண்டு. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், சம்பாக் கோயிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும் அவர் எழுதுகிறார். அவர் ஆளுநருக்கு மிக நெருங்கியவர். அன்று அவரால் ஒன்றும் செய்ய இயலவில்லை. ஊரார் துயரத்தையும், தம் வருத்தத்தையும், அதிகாரத்தின் போக்கையும் மறைக்காமல் பதிந்து வைத்தார். மேலே பிரஞ்சுத் தூண், கீழே தமிழ்த் தூண் என்று அந்த வீட்டை வியந்து நிற்கும் நாம், அவ்விரண்டிற்கும் நடுவே வாழ்ந்தவன் கொடுத்த விலையையும் அந்நாட்குறிப்பில் படிக்க வேண்டும். பிள்ளை குறையற்றவர் என்று நான் சொல்லவில்லை. சாதிப்பெருமை உண்டு, வணிகரின் தன்னலம் உண்டு. ஆனால் கண்டதைக் கண்டவாறு எழுதும் கை இருந்தது. புதுவையின் மைந்தர் பிரபஞ்சன் அவர்கள் இக்குறிப்புகளைக் கொண்டே 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் நாவல்களைப் படைத்தார். பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது.

பிள்ளை 1761 சனவரியில் மறைந்தார். அதே மாதம் 16ஆம் நாள் நகரம் ஆங்கிலேயர் வசமாகித் தரைமட்டமாக்கப்பட்டது. ஆதலின் இன்று நாம் படம் பிடித்து மகிழும் வெள்ளையர் நகரின் மிகப் பெரும்பகுதி அதற்குப் பின்னர் எழுந்ததே. துய்ப்ளே கண்ட நகரம் அந்நாட்குறிப்பில் மட்டுமே நிற்கிறது.

ஈசுவரன் தருமராசா கோயில் வீதியில் உள்ள பாரதி இல்லத்தையும், பெருமாள் கோயில் வீதியில் உள்ள பாவேந்தர் இல்லத்தையும் பற்றி இந்த அவையில் விரித்துரைக்க வேண்டியதில்லை. நம் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் மாலையோடு சென்று வருபவர்கள். ஒரே ஒரு கணக்கை மட்டும் நினைவூட்டுகிறேன். பாரதி புதுவைக்கு வந்தது 1908இல், நீங்கியது 1918இல். பத்தே ஆண்டுகள். வறுமையும் ஒற்றர் தொல்லையும் சூழ்ந்த அப்பத்தாண்டில் பாஞ்சாலியும் கண்ணனும் குயிலும் பிறந்தன. நம் வட்டத்துக்கும் இன்று பத்தாண்டு. (ஒப்பிடவில்லை, அமைப்பாளர்கள் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) அவருக்கு அடைக்கலம் தந்த அதே பிரஞ்சு ஆட்சிதான், 1936 சூலை 30 அன்று எட்டு மணி நேர வேலை கேட்ட ஆலைத் தொழிலாளர் மீது சுட்டுப் பன்னிருவரைக் கொன்றது என்பதையும் அதே நடையில் நினைக்க வேண்டும்.

பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் என்று ஒரு வெண்கட்டடம் உண்டு. தன் ஒளிமிகு வீட்டைக் கோயிலென்று மயங்கி வணங்கிய அரசன் சினந்து இடிக்கச் சொன்னபோது, தானே அதை இடித்து அவ்விடத்தில் குளம் வெட்டியவள் ஆயி என்னும் தாசி என்பது கதை. பின்னாளில் முத்தரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் வந்த காலத்தில் அவள் பெயரால் இம்மண்டபம் எழுந்தது. ஆளுநர்களின் நகரில் நடுநாயகமாக ஒரு தாசியின் பெயர் நிற்கிறது. எனக்கு அதில் ஒரு மகிழ்ச்சி.

நண்பகலுக்குப் பின் நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்பும் இடம் சுற்றுலாக் கையேடுகளில் முதலிடம் பெறாதது. 1954இல் பிரஞ்சு ஆட்சி நீங்கிய அடுத்த ஆண்டே கடலோரத்தில் பிரஞ்சு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் முதல் வெளியீடு எது தெரியுமா? காரைக்கால் அம்மையாரின் பாடல்கள். காரவேலன் அவர்களின் பிரஞ்சு மொழிபெயர்ப்போடு 1956இல் வந்தது. பேய்வடிவம் வேண்டிப் பெற்ற ஒரு தமிழ்ப்பெண்ணைக் கொண்டு ஒரு பிரஞ்சு ஆய்வகம் தன் பணியைத் தொடங்கியிருக்கிறது. பிரான்சுவா குரோ அவர்களின் பரிபாடல் மொழிபெயர்ப்பு 1968இல் அங்கிருந்தே வந்தது. அங்குள்ள சைவ ஆகமச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவேட்டில் சேர்த்தது.

நமக்கு அதனினும் நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. நம் அருணாசலேசுவரர் கோயில் சுவர்களில் உள்ள கல்வெட்டுகள் அனைத்தையும் பி.ஆர். சீனிவாசன் அவர்கள் படித்துத் திரட்டிய தொகுதிகள் 1990இல் அப்புதுவை நிறுவனத்தின் வெளியீடாகவே வந்தன. கோயிலின் கட்டடக்கலை, வரலாறு, வழிபாடு பற்றிய தொகுதிகளும் பிரஞ்சு அறிஞர்களால் அதே காலத்தில் எழுதப்பட்டன. ஆய்வு மாணவியாய் இருந்த நாட்களில் அந்நூலகத்தின் சன்னலோரம் அமர்ந்து, நான் நாள்தோறும் வலம்வந்த சுவரில் இருந்தவற்றை முதன்முறையாகப் படித்தேன். விளக்கெரிக்க ஆடு விட்டவன், நந்தவனத்துக்கு நிலம் விட்டவள், வரி நீக்கிய மன்னன் எனப் பக்கம் பக்கமாக மனிதர்கள். கன்னட நாட்டுப் போசள வேந்தன் மூன்றாம் வல்லாளன் நம்மூரைத் தலைநகராய்க் கொண்டிருந்தான். விசயநகர வேந்தர் கோபுரம் எழுப்பினர். பல்பண்பாடு கடற்கரைக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு நம் மதிலே சான்று. அச்சான்றைப் படிக்கக் கடற்கரைக்குச் செல்ல வேண்டியிருந்தது என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

மாலையில் கடற்கரைக்கு வந்தால் பழைய கலங்கரை விளக்கம், 1836இல் எழுந்தது. அருகே முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்டவர்களுக்கு 1938இல் எழுப்பிய நினைவகம். 1881ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரஞ்சுக் குடும்பப் பெயர் பூண்ட தமிழர்கள் சிப்பாய்களாகவும் எழுத்தர்களாகவும் சைகோன் வரை சென்றனர். சிலர் வியத்நாமியப் பெண்களை மணந்து திரும்பினர். அவர்கள் வீட்டுச் சுருள் பலகாரங்கள் இன்றும் புதுவையில் கிடைக்கின்றன. மழையில் 2014இல் இடிந்து விழுந்த 'மேரி' என்னும் நகராட்சிக் கட்டடத்தைப் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டி 2021இல் திறந்தார்கள். நகரசபை என்று சொல்லாமல் மேரி என்றே ரிக்‌ஷாக்காரரும் சொல்வார். வடநாட்டார் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். சுவரோரம் அமர்ந்து ஒரு பெண் குறிப்பெழுதினால் ஏனென்று கேட்பார் எவருமில்லை. அந்த ஒரு விடுதலைக்காகவே நான் அந்நகரை விரும்புகிறேன்.

கவிஞர் பெருமக்களே, இனி நம்மூருக்கு வருகிறேன். செங்கம் சாலையில் இன்று நடந்து பாருங்கள். ரமணாசிரமத்தை நாடி வந்த மேலைநாட்டார் அங்கேயே வீடெடுத்துத் தங்கிவிட்டார்கள். சில ஆண்டுகளாகத் தெலுங்கு மாநிலங்களிலிருந்து வரும் அடியார் கூட்டத்தால் விடுதிகளிலும் உணவகங்களிலும் தெலுங்குப் பலகைகள் தொங்குகின்றன. வாடகை ஏறியிருக்கிறது, உள்ளூர்க் குடும்பங்கள் ஊரின் ஓரத்துக்கு நகர்கின்றன. தேநீர்க் கடைக்காரர் நான்கு மொழியில் கணக்குச் சொல்கிறார். நம் காலத்துத் துபாசிகள் அவர்கள்தாம்! இவற்றுள் ஒன்றேனும் நம் வட்டத்தின் பத்தாண்டுக் கவிதைகளில் இடம் பெற்றுள்ளதா? மலரின் பக்கங்களை நான் புரட்டிப் பார்த்தேன். கார்த்திகைத் தீபம் இருபத்திரண்டு கவிதைகளில் எரிகிறது. செங்கம் சாலை ஒன்றிலும் இல்லை. தீபத்தைப் பாட வேண்டாம் என்பதன்று என் கட்சி. தீபம் காண வந்தவனையும், அவனுக்கு அறை கொடுத்தவனையும், அறை கொடுப்பதற்காக வெளியேற்றப்பட்டவனையும் எவர் எழுதுவது? இருநூறு ஆண்டு கழித்து நம்மூரை அறிய விரும்புகிறவன் மீண்டும் புதுவை நூலகத்துக்குத்தான் போக வேண்டுமா?

வட்டத்துக்கு ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். ஆண்டுதோறும் மாலையோடு செல்லும் அப்பயணத்தை இம்முறை மாலையின்றி மேற்கொள்வோம். விடியற்காலைப் பேருந்தில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். அரிக்கமேடும் பிள்ளை மாளிகையும் கட்டாயம். ஏனையவை அவரவர் விருப்பம். ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு கொண்டுவர வேண்டும். அன்று கவிதை எழுதுவோர் பேருந்துக் கட்டணத்தை இருமடங்கு செலுத்த வேண்டும். கண்டதை நாழிகைக் கணக்கோடு உரைநடையில் எழுதுவோருக்குச் சிற்றுண்டி என் செலவு. திரும்பிய மறு ஞாயிறு, அதே குறிப்பேட்டோடு செங்கம் சாலையின் தொடக்கத்தில் காலை ஆறு மணிக்குக் கூடுவோம். வர இசைபவர்கள் விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.