கண் மாற்றியும் ஏன் மங்கல்?
(தோட்டத்து மாதாந்தக் கூட்டத்தில் பேசியது)

 

மேக்கணக்கு லயத்துப் பையன் ஒருவருக்குக் கொழும்பில் கண் ஒப்பரேஷன் நடந்தது. மூன்று மாதம் கழித்து அவருடைய அம்மா வந்து, "ஐயா, கண்ணை மாத்தியும் புள்ளைக்கு சரியாத் தெரியலையே, இனி மருந்து ஊத்தி என்ன பிரயோசனம்?" என்று அழுதார். அதற்குத்தான் இன்று நாம் பதில் சொல்ல வந்திருக்கிறோம்.

இந்த ஒப்பரேஷனில் முழுக் கண்ணையும் மாற்றுவதில்லை. கருவிழிக்கு முன்னால் கண்ணாடி போல ஒரு தோல் இருக்கிறது. நடுவில் அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர்தான். கெரட்டோகோனஸ் என்ற வருத்தத்தில் அது மெலிந்து கூம்பு மாதிரி முன்னே தள்ளும். பெரும்பாலும் இளவயதில் தொடங்கும். கண்ணைக் கசக்கக் கசக்கக் கூடும். முற்றிவிட்டால், இறந்தவர் தானம் செய்த தோலை வைத்து, மயிரைவிட மெல்லிய நூலால் தைக்கிறார்கள்.

புதுத் தோல் முதலில் நீர் பிடித்துத் தடிப்பாக இருக்கும். அதன் உட்பக்கத்து உயிரணுக்கள் பம்பு போல நீரை இறைக்க இறைக்க, கனம் குறைந்து தெளிவு வரும். கனம் சரியானாலும் பார்வை உடனே வராது. தையல் இழுப்பதால் தோல் கோணலாக நிற்கும். தையல் எல்லாம் எடுக்க ஒரு வருஷமோ, அதற்கு மேலோ ஆகலாம். பிறகும் பலருக்குக் கண்ணாடியோ கொன்டெக்ட் லென்ஸோ வேண்டும். ஆகவே மனம் விடாதீர்கள்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். கண் சிவந்தால், வெளிச்சம் கூசினால், நோவெடுத்தால், தெளிந்த பார்வை திரும்ப மங்கினால், உடம்பு அந்தத் தோலை ஏற்காமல் தள்ளுகிறது என்று அர்த்தமாகலாம். வருஷங்கள் கழித்தும் இது வரும். அன்றைக்கே கண் டொக்டரிடம் போக வேண்டும். காலத்தோடு போனால் பல தடவை காப்பாற்றலாம். டொக்டர் சொல்லாமல் சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாது. ஒரு நாள் பேர் போகிறதே என்று கிளினிக்கைத் தள்ளிப்போடவும் கூடாது. துண்டைக் கொண்டுவந்து காட்டுங்கள், லீவுக்கு நாங்கள் துரையிடம் பேசுகிறோம்.

1961ஆம் ஆண்டு டொக்டர் ஹட்சன் சில்வா நம் நாட்டில் கண்தானச் சங்கத்தைத் தொடங்கினார். இங்கிருந்து பல நாடுகளுக்கும் கண் போகிறது. யாரோ ஒருவர் கொடுத்துவிட்டுப் போனதைத்தான் அந்தப் பையன் சுமக்கிறார். அந்த அம்மா இப்போது மருந்துப் போத்தலைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்து, நேரம் தவறாமல் ஊற்றுகிறார். நாமும் அப்படிச் செய்வோம்.