ஏடும் ஊரும்



மன்னார்த் தீவு வருவோரும் போவோரும் மிதித்த மண். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. அதில் வந்து தோட்டங்களில் உழைத்தோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிற்று. 1964 ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டோர் இதே துறையில் அழுதுகொண்டு கப்பலேறினர். ஏட்டில் பெயரை வெட்டிவிட்டால் ஊர் அந்நியமாகிவிடுமா என்று நாம் அன்று முழங்கினோம்.

அக்கேள்வி இன்று நம் வாசலுக்கே வந்திருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி மக்கள் தோணியேறிக் கற்பிட்டியில் கரை சேர்ந்தனர். புத்தளத்தார் தம் கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் அவர்களோடு பகிர்ந்துகொண்டனர். அது சிறிய சுமையன்று. போர் 2009இல் முடிந்தது. ஒரு குடும்பமாகப் போனவர்கள் நான்கு குடும்பமாகத் திரும்புகின்றனர்; காணியோ அதே காணி, அதிலும் பற்றைக்காடு.

“புத்தளத்தில் பிறந்தவனுக்கு மன்னாரில் என்ன வேலை?” என்கின்றனர் சிலர். தோட்டத் தொழிலாளியை நோக்கிக் கொழும்பு கேட்ட கேள்வியன்றோ இது! இடம்பெயர்ந்தோர் சொந்த ஊரின் வாக்காளர் இடாப்பிற் பதிய 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. ஆயினும் 2019 சனாதிபதித் தேர்தலன்று, வாக்களிக்க மன்னாருக்கு வந்தோரின் பஸ்கள்மீது தந்திரிமலையருகே வெடி வைத்தனர்.

நகரசபையிடமும் பிரதேச சபையிடமும் நாம் கேட்பது இதுதான். வீதிக்கும் குடிநீருக்கும் திட்டமிடும்போது திரும்பிவரும் குடும்பங்களையும் சேர்த்து எண்ணுங்கள். ‘தொடர்ந்து இங்கே வதிந்தாயா?’ என்பது துரத்தப்பட்டவனிடம் கேட்கத்தக்க கேள்வியன்று. எந்தப் படிவத்தில் அது இருந்தாலும் நீக்குங்கள்.