வீட்டிலேயே சோளப்பொரி



மைக்ரோவேவ் எனப்படும் நுண்ணலை அடுப்பு தோட்டத்து வீடுகளுக்கும் வந்துவிட்டது. பிள்ளைகளுக்காக, வெண்ணெய் மணமூட்டிய சோளப்பொரிப் பொட்டலங்களை வாங்குவோர் பலர். அவற்றில் உப்பும் கொழுப்பும் மிகுதி. மணிகளைத் தனியே வாங்கிப் பொரித்தால் எண்ணெயும் தேவையில்லை.

அவித்துத் தின்னும் சோளம் இதற்கு ஆகாது. பொரிச்சோளத்தின் கெட்டித் தோலுக்குள் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பங்கு ஈரம் உண்டு. வெப்பம் 180 பாகை செல்சியஸை எட்டும்போது, அந்த ஈரம் நீராவியாகித் தோலைப் பிளக்கின்றது. உள்ளிருக்கும் மாவு நுரைத்து மலர்கின்றது. ஆதலால், பருப்பைப் போல் இதனையும் வெயிலில் உலர்த்திவிடாதீர்கள். இறுக மூடிய டின்னில் வைத்திருங்கள்.

வெப்பம் தாங்கும் பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் கால் குவளை மணிகளை இட்டு, அவ்வடுப்புக்கு ஏற்ற தட்டினால் தளர மூடி வையுங்கள். கடைத் தாள்பையும் உலோகப் பாத்திரமும் வேண்டா. பெரும்பாலும் 3 அல்லது 4 நிமிடம் பிடிக்கும். எனினும் அடுப்புக்கு அடுப்பு மாறுமாதலால், அருகிலேயே நின்று ஒலியைக் கேளுங்கள். இரு வெடிப்புகளுக்கிடையே 2 விநாடி இடைவெளி ஏற்பட்டதும் நிறுத்திவிடுங்கள். எஞ்சிய பத்து மணிக்கு ஆசைப்பட்டால் பொரி கருகித் தீயும் பற்றக்கூடும். பலகை வீட்டில் அது சிறு காரியமன்று. தீப்பற்றினால் அடுப்பின் கதவைத் திறவாமல் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

மூடிய தட்டை முகத்திற்கு அப்பால் சாய்த்து எடுங்கள், ஆவி சுடும். 4 வயது நிரம்பாத குழந்தைகளுக்கு, எவ்வளவு அழுதாலும், பொரி கொடுக்க வேண்டா. அது மூச்சுக்குழலை அடைத்துவிடும்.