வீடும் வண்டியும்

(சென்னையில் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



அரசிலே வீட்டு வசதிக்கு ஒரு துறை உண்டு. போக்குவரத்துக்கு வேறொரு துறை உண்டு. இரண்டு அமைச்சர்கள், இரண்டு அலுவலகங்கள், இரண்டு கணக்குப் புத்தகங்கள். ஆனால் ஏழைக்கு இருப்பதோ ஒரே உடல், ஒரே நாள், ஒரே கூலி! அந்தக் கூலியிலிருந்துதான் அவன் வாடகை கொடுக்க வேண்டும். பயணச் சீட்டும் வாங்க வேண்டும். அந்த ஒரே நாளுக்குள்தான் வேலைக்கும் போய்வர வேண்டும். பெற்ற பிள்ளையின் முகத்தையும் பார்க்க வேண்டும். கோட்டையிலே இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதை, அவன் தோளிலே ஒன்றாகச் சுமக்கிறான். ஆகவே நான் இன்று சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. நகரத்து ஏழைக்கு வீடும் வண்டியும் இரண்டு கேள்விகள் அல்ல, ஒரே கேள்வி! வண்டி வராத இடத்திலே வீடு கொடுப்பது, வீடு கொடுப்பது ஆகாது. நாடு கடத்துவது ஆகும்!

கடுமையான சொல் என்பீர்களா? காரணம் சொல்கிறேன்; கேளுங்கள்; பிறகு தீர்ப்பளியுங்கள்.

நான் நாடகம் எழுதுகிறவன். எங்கள் மேடையிலே வீடு கட்டுவது எளிது. திரைச் சீலையிலே ஓவியர் கதவு தீட்டுவார், சன்னல் தீட்டுவார், வாசலிலே கோலம்கூடத் தீட்டுவார். கொட்டகையில் அமர்ந்து பார்ப்பவர்களுக்கு அது வீடுதான். ஆனால் அந்தக் கதவைத் திறந்துகொண்டு யாரும் வெளியே போக முடியாது! சென்னையின் தென்கோடியில் எழுந்து நிற்கும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தத் திரைதான் நினைவுக்கு வருகிறது. சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது, கதவும் இருக்கிறது. கதவைத் திறந்தால்? பிழைப்பு இருக்கும் இடம் 20, 25 கிலோமீட்டருக்கு அப்பால்!

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேசைக்கு அப்புறம் ஓர் அதிகாரி. இப்புறம், கூவம் கரையிலிருந்து வந்த ஒரு தாய்.

"இந்தாம்மா, ஒதுக்கீட்டு ஆணை. பெரும்பாக்கம், ஆறாவது மாடி."

"நல்லது ஐயா. ஆனால் நான் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவள். நான்கும் எழும்பூரில். காலை ஆறு மணிக்கு முதல் வீட்டு வாசலில் நிற்க வேண்டுமே?"

"அதற்கு நான் என்ன செய்வது? என் வேலை வீடு கொடுப்பது."

"அங்கிருந்து முதல் பேருந்து எத்தனை மணிக்கு ஐயா?"

"அது வேறு துறை, அம்மா!"

தோழர்களே! அதிகாரி பொய் சொல்லவில்லை. அது வேறு துறைதான். ஆனால் அந்த 'வேறு துறை' என்னும் பதிலிலே ஒரு குடும்பத்தின் பிழைப்பு நசுங்கிப் போகிறதே, அதற்கு எந்தத் துறை பொறுப்பு?

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். போகவும் வரவும் நிற்கவும் காக்கவுமாக நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 300 நாள் வேலை. மொத்தம் 900 மணி நேரம். இரவும் பகலும் சேர்த்து 37 நாள்களுக்கு மேல்! ஆண்டிலே ஒரு மாதத்துக்கும் அதிகமாக அந்தத் தாய் பேருந்திலும் பேருந்து நிறுத்தத்திலுமே வாழ்கிறாள். அந்த நேரத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. அந்த நேரத்திலே அவள் பிள்ளையை யாரும் பார்த்துக்கொள்வதுமில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்து, "இந்த வேலையே வேண்டாம்" என்று அவள் நின்றுவிட்டால், சட்டப்படி அவளுக்கு வீடு இருக்கிறது. அடுப்பிலே நெருப்பு இல்லை!

2000ஆம் ஆண்டிலிருந்து துரைப்பாக்கத்தை அடுத்துக் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, அதன் பிறகு பெரும்பாக்கம். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். ஆற்றங்கரையிலிருந்தும் கால்வாய்க் கரையிலிருந்தும் பெயர்க்கப்பட்டவர்களை அங்கே கொண்டுபோய்க் குவித்தார்கள். எந்த ஆட்சி வந்தபோதும் லாரிகள் தெற்கு நோக்கியே சென்றன. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்றார்கள். கொண்டுபோய் வைத்ததோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கத்திலே! 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் செம்மஞ்சேரி குடியிருப்பும் தண்ணீரில் நின்றது.

பெயரைப் பாருங்கள்: கண்ணகி நகர்! அரசவை ஏறி நீதி கேட்டவளின் பெயர்! சென்னைக் கடற்கரையிலிருந்த கண்ணகி சிலையை 2001ஆம் ஆண்டு பெயர்த்தெடுத்தார்கள். தமிழ்நாடு கொதித்தது. 2006ஆம் ஆண்டு அந்தச் சிலை மீண்டும் கடற்கரைக்கே வந்தது. பெயர்த்த இடத்துக்கே திரும்பும் உரிமை சிலையான கண்ணகிக்குக் கிடைத்தது, வாழ்த்துகிறேன்! கண்ணகி நகரிலே வாழும் உயிருள்ள கண்ணகிகளுக்கு அந்த உரிமை உண்டா? கேட்கிறேன், கேட்க வேண்டியது நம் கடமை அல்லவா?

தொடக்கத்திலே இப்படி இல்லை, தோழர்களே. 1970ஆம் ஆண்டு, கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டது. பெயரைக் கவனியுங்கள். குடிசையை மாற்றுவது, குடியை மாற்றுவதல்ல! குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு. நொச்சிக்குப்பத்து மீனவருக்குக் கடலோரத்திலேயே மாடி வீடு. மாடியிலிருந்து இறங்கினால் மணல், மணலைத் தாண்டினால் படகு. அந்த வீடுகளிலே குறைகள் இருந்தன. இல்லை என்று சொல்லவில்லை. அறை சிறியது, படிக்கட்டு குறுகியது, சில இடங்களில் சுவரும் உதிர்ந்தது. ஆனால் ஒரு பெருமை இருந்தது: வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே அகழி வெட்டவில்லை! 2021ஆம் ஆண்டு அந்த வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று புதுப்பெயர் சூட்டினார்கள். வாழ்விடம்! நல்ல சொல். வாழ்வும் இருக்க வேண்டும், இடமும் இருக்க வேண்டும் என்று அந்தச் சொல்லே சொல்கிறது.

வண்டி முன்னே வந்தால் ஊர் பின்னே வளரும். இதற்குச் சான்று தேடிக் கப்பல் ஏற வேண்டியதில்லை. 1895ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் ஓடிய நகரம் நம் சென்னை. 1953ஆம் ஆண்டு அந்த டிராம் நின்றது. ஆனால் 1931ஆம் ஆண்டு கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஓடத் தொடங்கிய மின்சார இரயில் நிற்கவில்லை. அந்தத் தண்டவாளத்தின் ஓரத்திலேதான் பல்லாவரமும் குரோம்பேட்டையும் தாம்பரமும் தழைத்தன. எழுத்தரும் ஆசிரியரும் தொழிலாளரும் அங்கே மனை வாங்கினார்கள். மாதச் சீட்டைச் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டு நகரத்துக்கு வந்து போனார்கள். அவர்களும் 20, 25 கிலோமீட்டர் தொலைவில்தான் வாழ்ந்தார்கள்; ஆனால் நாடு கடத்தப்பட்டவர்களாக வாழவில்லை. காரணம், அவர்களுக்கு முன்பே இரயில் போயிருந்தது!

இனி வியன்னாவுக்கு வாருங்கள். ஆஸ்திரிய நாட்டின் தலைநகர். முதல் உலகப் போரிலே பேரரசு உடைந்தது. நகரத்திலே பசி, காசநோய், ஓர் அறைக்குள் பல குடும்பம். 1919ஆம் ஆண்டு சமூக சனநாயகக் கட்சியினர் நகராட்சியை வென்றார்கள். நிதிப் பொறுப்பு ஹூகோ பிரெய்ட்னர் என்பவர் கையிலே. வங்கி இயக்குநராக இருந்தவர். பணம் எங்கே உறங்குகிறது என்று அறிந்தவர்! 1923ஆம் ஆண்டு வீடு கட்டுவதற்கென்றே ஒரு வரி கொண்டுவந்தார். சிறு வீட்டுக்குச் சிறு வரி. மாளிகைக்குப் பெரு வரி. நகரத்தின் மிக விலையுயர்ந்த அரை விழுக்காடு இல்லங்கள் மட்டும் அந்த வரியில் ஏறக்குறைய 45 விழுக்காட்டைக் கட்டின. அந்தப் பணத்திலே 1934ஆம் ஆண்டுக்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன.

அவற்றுள் புகழ்பெற்றது 1930ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு. ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளம், 1,382 வீடுகள், சலவைக்கூடம், குழந்தைகள் பள்ளி, நூலகம், மருத்துவ நிலையம். இவற்றையெல்லாம் பலரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவதை நான் சொல்கிறேன்: அந்தக் குடியிருப்பு இரயில் நிலையத்துக்கு எதிரிலேயே கட்டப்பட்டது! தொழிலாளி வாசலைத் தாண்டினால் வண்டி. 1934ஆம் ஆண்டு பிப்ரவரியில் சர்வாதிகார அரசு பீரங்கி வைத்து அந்தச் சுவர்களைச் சுட்டது. சுட்டவன் ஆட்சி போயிற்று, சுவர்கள் நிற்கின்றன, இன்றும் நகராட்சியின் வீடுகளாகவே நிற்கின்றன!

அந்த மரபு அறுபடவில்லை. வியன்னாவில் ஆட்களை வேலைக்கு அமர்த்தும் முதலாளி, ஒவ்வொரு தொழிலாளிக்காகவும் நகரத்துக்கு ஒரு வரி கட்ட வேண்டும் என்று 1970ஆம் ஆண்டிலே சட்டம் வந்தது. சுரங்க இரயிலுக்காக வந்த வரி அது. தொழிலாளி குறித்த நேரத்துக்கு வந்து சேர்ந்தால் ஆதாயம் யாருக்கு? முதலாளிக்கு! எனில் வண்டிச் செலவிலே அவனுக்கும் பங்கு உண்டு. 2012ஆம் ஆண்டு அந்த நகரம் ஆண்டுப் பயணச் சீட்டை 449 யூரோவிலிருந்து 365 யூரோவாகக் குறைத்தது. நாளொன்றுக்கு ஒரு யூரோ. பல ஆண்டுகள் அந்த விலையே நிலைத்தது. ஆஸ்பெர்ன் என்னும் பழைய விமான நிலத்திலே புதுநகர் எழுப்பினார்கள். 2013ஆம் ஆண்டு அக்டோபரில் சுரங்க இரயில் பாதை அங்கே போய்ச் சேர்ந்தது. குடியேறியவர்கள் எப்போது வந்தார்கள் தெரியுமா? 2014இல்! முதலில் இரயில்; பிறகு மனிதன். நம் ஊரிலே? முதலில் லாரியில் மனிதன், பிறகு மனு, பிறகு மறியல், பிறகு பேருந்து!

"அங்கே பணம் இருக்கிறது, இங்கே இல்லையே" என்று நண்பர் ஒருவர் கேட்கக்கூடும். இல்லையா? சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 500 கோடிக்கு மேல்! நான் மெட்ரோவுக்கு எதிரியல்லன். ஓடட்டும், இன்னும் நீளட்டும். அதன் ஒரு தடம் துரைப்பாக்கம் வழியாகவே சிறுசேரி செல்வதாகத் திட்டம். ஆனால் நிலையம் வந்ததும் சுற்றியுள்ள மனையின் விலை ஏறுகிறதே, அந்த ஏற்றத்தை உண்டாக்கியது யார்? மனைக்காரரின் உழைப்பா? அல்ல; மக்களின் பணம்! எனில் அந்த ஏற்றத்திலே ஒரு பங்கு மக்களுக்குத் திரும்ப வேண்டாமா? திரும்பாவிட்டால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் ஏழை இறங்குவான். முன்பு பறக்கும் இரயில் கட்டியபோது பக்கிங்காம் கால்வாய்க் கரையிலே குடிசைகள் பறந்தனவே, அந்தக் கதை மீண்டும் நடக்கும்.

"நகரத்துக்குள் இடம் ஏது?" என்பது அடுத்த கேள்வி. வணிக வளாகத்துக்கு இடம் கிடைக்கிறது. வாகனம் நிறுத்த இடம் கிடைக்கிறது. அந்த வளாகத்தைக் கூட்டிப் பெருக்குகிறவளுக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை! பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்து அதே இடத்திலே உயரமாகக் கட்டும் பணி நடக்கிறது. அதுவே வழி. அதை நிலையங்களின் அருகிலும் பணிமனைகளின் மேலும் விரிவாக்குங்கள்.

2021ஆம் ஆண்டு மே திங்களில் தமிழ்நாட்டுப் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளிலே கட்டணமில்லாப் பயணம் வந்தது. சிலர் இலவசம் என்று ஏளனம் செய்தார்கள். அது இலவசமல்ல, பேருந்து வடிவிலே வந்த வாடகைக் குறைப்பு! அந்தத் தாயின் கையிலே மிஞ்சும் பணம் அரிசியாகிறது. பிள்ளையின் நோட்டுப் புத்தகமாகிறது. ஆனால் வராத பேருந்திலே கட்டணம் இல்லாமல் இருந்து என்ன பயன்? சீட்டு இலவசமானால் மட்டும் போதாது. வண்டி வர வேண்டும். நேரத்தோடு வர வேண்டும். விடியுமுன்னே வர வேண்டும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. பேருந்தும் பள்ளியும் மருத்துவமனையும் இயங்கத் தொடங்கிய பிறகே ஒரு குடும்பத்தையேனும் புதுக் குடியிருப்புக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மெட்ரோ நிலையங்களைச் சுற்றி எழும் கட்டடங்களிலே ஒரு பங்கு குறைந்த வாடகை வீடுகளாக இருக்க வேண்டும். மனை விலை ஏற்றத்தின் மீது வரி விதித்து அதற்குப் பொருள் தேட வேண்டும். வீட்டுத் துறையும் போக்குவரத்துத் துறையும் ஒரே மேசையிலே அமர்ந்து ஒரே வரைபடத்திலே கையெழுத்திட வேண்டும்.

தோழர்களே, நமக்கும் வேலை இருக்கிறது. கொடி கட்டும் கைகளிலே ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும். நாளை விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரும்பாக்கத்துப் பேருந்து நிறுத்தத்திலே போய் நில்லுங்கள். எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், எத்தனை வண்டி வந்தது, எது நிற்காமல் போனது என்று குறியுங்கள். ஒரு வாரம் குறித்தால் அதுவே மனு. ஒரு மாதம் குறித்தால் எந்த அமைச்சராலும் மறுக்க இயலாத சாட்சியம். அந்த நோட்டோடு மாமன்ற உறுப்பினரைப் பாருங்கள். சட்டமன்ற உறுப்பினரைப் பாருங்கள். அவர் நம்மவரானால் முதலில் அவரைப் பாருங்கள்!

நகரத்தைக் கூட்டுகிறவனும், நகரத்துக்குச் சமைக்கிறவளும், நகரத்தைக் கட்டுகிறவனும் நகரத்திலே வாழட்டும். அல்லது நகரம் அவர்கள் வாசலுக்கு வண்டி அனுப்பட்டும். இரண்டில் ஒன்றையும் செய்யாத நகரம், அவர்கள் உழைப்பை மட்டும் ஏற்றுக்கொண்டு அவர்களை வெளியே நிறுத்திய நகரம். அதை மாற்றும் வரை நாம் ஓயப்போவதில்லை.