தஞ்சையிலிருந்து பரோடா சென்ற மணமகள்

கொல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், பெண்ணுக்கு வரன் பார்க்கும்பொழுது ஒரு கவலை எழுவதுண்டு. தொலைவிலுள்ள ஊருக்கு வாழச் செல்லும் பெண், பிறந்த மண்ணிலிருந்து எதைத் தன்னுடன் கொண்டு செல்வாள்? இக்கேள்வியை மனத்திற் கொண்டு, ஓர் அரசியின் குறுகிய வாழ்வை நேயர்களுடன் சேர்ந்து நோக்க விரும்புகிறோம்.

தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தின் உறவினரான மோகிதே குடும்பத்தில் 1864இல் பிறந்தவர் லக்ஷ்மிபாய். வீட்டு மொழி மராத்தி. வளர்ந்ததோ காவிரிக் கரை. அவர் பிறப்பதற்கு முன்பே, 1855இல், ஆண் வாரிசு இன்றி மன்னர் சிவாஜி மறைந்ததும், தஞ்சை அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. அரசு போயிற்று, கலை மட்டும் எஞ்சி நின்றது.

1880இல் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவுக்கு லக்ஷ்மிபாயை மணமுடித்தனர். புகுந்த வீட்டில் சிம்னாபாய் என்று புதுப் பெயரிட்டனர். ஆடல் மகளிரும் நட்டுவனாரும் அடங்கிய குழுவொன்று தஞ்சையிலிருந்து அவருடன் சென்றது. கலைஞர்களையும் சீர்வரிசையில் சேர்த்து எண்ணிய காலம் அது.

இல்வாழ்வு ஐந்தாண்டே நீடித்தது. பெண்மக்கள் இருவரும் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தனர். 1883இல் பதேசிங் என்ற மகன் பிறந்தார். 1885இல் காசநோய் அரசியாரைக் கவர்ந்து சென்றது. அதே ஆண்டில் மன்னர் மணந்த இரண்டாம் மனைவிக்கும் சிம்னாபாய் என்றே பெயரிட்டனர்! இன்று பலரும் அறிந்த சிம்னாபாய் அவரே. மூத்தவரின் மகனும் 1908இல் இறந்தார். ஆயினும் அவருடைய பேரன் பிரதாப்சிங் 1939இல் அரியணை ஏறினார்.

வம்சாவளிப் பட்டியலில் மணமகளுக்குக் கிடைப்பது ஒரு வரி. அவ்வரியையும் இன்னொருவருடன் பகிர நேர்ந்தது இவ்வரசிக்கு. எனினும் அவருடன் சென்ற கலை அழியவில்லை. அக்குழுவில் ஆடிய காந்திமதியின் மகன் குபேரநாத், பிற்காலத்தில் பரோடாவில் பரதம் பயிற்றும் ஆசிரியரானார். அவர் தாங்கிய குடும்பப் பெயர் தஞ்சோர்கர். தஞ்சாவூர்க்காரர் என்பதே அதன் பொருள்.

மாலைதோறும் நம் பெண்கள் காலிற் சலங்கை கட்டிப் பழகும்பொழுது, இந்நிகழ்ச்சியை அவர்களுக்குச் சொல்லிவைப்போம். ஊர் மாறலாம், பெயரும் மாறலாம். கற்றுக்கொண்டது மட்டும் எந்த ஊரிலும் வேரூன்றும்.