வெள்ளைத் துணியின் தீர்ப்பு
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியமும் இசையும் முழங்கிய இம்மேடையில் எண்ணெய்க் கறை படிந்த கைகளுக்கும் ஓர் இடம் தந்தமைக்கு முதற்கண் நன்றி கூறுகிறோம். மேடையில் நிற்பவர் ஒருவரே எனினும் இது ஒருவரது பேச்சன்று. எங்கள் குடியிருப்பில் ஞாயிறுதோறும் கூடிப் பழைய மோட்டார் வண்டிகளைச் செப்பனிடும் நால்வரின் பேச்சு இது. ஆதலால் ‘நாங்கள்’ என்றே பேசுவோம். வீட்டிலேயே காரின் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க முற்படுவோர் வழக்கமாகச் செய்யும் பிழைகள் யாவை, அவற்றைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பதே நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள்.

பிரித்துப் பார்த்து அறியும் ஆவல் தமிழகத்துக்குப் புதிதன்று. கோயமுத்தூரை அடுத்த கலங்கலில் 1893-ஆம் ஆண்டு பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள், இளமையில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்தார். அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார். அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்து மீண்டும் பூட்டியே இயந்திர நுட்பம் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியவரும் அவரே.

நாம் வாழும் இப்பெங்களூருக்கும் அத்தகைய மரபு ஒன்று உண்டு. 1940-இல் இங்கே தொடங்கப்பெற்ற இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க வான்படை விமானங்களைப் பழுதுபார்க்கும் பெருங்கூடமாக விளங்கிற்று. பின்னர் எழுந்த ஆலைகள் பல. அவற்றில் உழைத்த நம் தந்தையரும் பாட்டனாரும், பிரித்தல், கழுவுதல், அளத்தல், பூட்டுதல் என்னும் ஒழுங்கைக் கைப்பழக்கமாகக் கொண்டிருந்தனர். அந்த ஒழுங்கை மறந்து நாங்கள் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் குடியிருப்பில் ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் ஓர் அம்பாசிடர் கார் இருந்தது. 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் உடைய எஞ்சின். பிள்ளைகளைப் பள்ளிக்கும் மணப்பெண்ணை மண்டபத்துக்கும் அழைத்துச் சென்ற வண்டி அது. பொங்கலுக்குள் அதனைப் புதுப்பித்துத் தருவதாக நாங்கள் வாக்களித்தோம். அவருக்கோ கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்திருந்த நேரம். அருகிருந்து பார்க்க இயலவில்லை. நாங்கள் விரைந்தோம், பூட்டினோம், எஞ்சினும் இனிதே முழங்கிற்று. பேரப்பிள்ளைகளுடன் அவரை ஏற்றிக்கொண்டு சொந்த ஊருக்குப் புறப்பட்டோம். ஓசூரைத் தாண்டிச் சூளகிரியை நெருங்குமுன் எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தது. எஞ்சினுள் சம்மட்டி அடித்தாற்போல் ஓசை கேட்டது. வண்டி நின்றுவிட்டது. அவ்வாண்டுப் பொங்கல் அக்குடும்பத்துக்குச் சாலையோரத்தில் விடிந்தது.

மீண்டும் பிரித்தபோது பேரிங்குகள் உருகிக் கிடந்தன. புதிதாகச் சாணை பிடித்த கிராங்க் ஷாப்டு கீறுண்டு கிடந்தது. பெரியவர் எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பழைய வேட்டியிலிருந்து விரலகலத் துணி கிழித்தார்; மெல்லிய கம்பியில் சுற்றினார்; கிராங்க் ஷாப்டின் எண்ணெய்த் துளைக்குள் விட்டு இழுத்தார். துணி கன்னங்கரேலென்று வந்தது. அதைத் தடவிப் பார்த்தால் மணல் போல் நெருநெருத்தது. சாணைக் கல்லின் பொடி அது. வெளியே பளபளக்கத் துடைத்த நாங்கள் உள்ளே துடைக்கவில்லை. பட்டறையார் மேல் பழி இல்லை. கழுவிப் பூட்டுவது பூட்டுவோர் கடமை.

அன்று கற்ற பாடத்தை ஒட்டியே இனிச் சொல்பவை அனைத்தும் அமையும்.

முதற்பிழை, நோய் அறியாமல் அறுவை செய்தல். புகை வந்தவுடன் எஞ்சினை இறக்கிவிடுவோர் பலர். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானி வைத்து முதலில் அளத்தல் வேண்டும். அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தால், அழுத்தம் ஏறுமாயின் குறை பெரும்பாலும் பிஸ்டன் ரிங்குகளில் இருக்கும். ஏறாவிடின் வால்வையோ கேஸ்கட்டையோ ஐயுறலாம். சிலிண்டர் ஹெட்டை மட்டும் இறக்கினாலே போதியதாகலாம். ஈண்டு பெங்களூருக்கே உரிய குறிப்பு ஒன்றுண்டு. நம் நகரம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குக் காற்றழுத்தம் கடற்கரையினும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆதலால் நூலிற் கண்ட எண்ணைவிட அந்த அளவு குறைந்து காட்டினால் எஞ்சின் கெட்டதென்று அஞ்ச வேண்டா. நான்கு சிலிண்டர்களும் தம்முள் ஒத்திருக்கின்றனவா என்பதே முதற் கேள்வி.

இரண்டாம் பிழை, அடையாளமிடாமல் பிரித்தல். கனெக்டிங் ராடின் மூடியும் மெயின் பேரிங்கின் மூடியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. எது எந்தச் சிலிண்டருக்கு உரியது, எந்தப் பக்கம் முன்பக்கம் என்று எண் குறித்தே கழற்றுக. தேய்ந்து பழகிய டாப்பெட்டுகளையும் புஷ் ராடுகளையும் வரிசை மாறாமல் துளையிட்ட அட்டையில் செருகி வைக்க. இக்காலத்தில் கைப்பேசியால் படம் எடுத்துக்கொள்வதும் எளிது. நினைவை நம்பிக் கெட்டவர் பலர். குறிப்பை நம்பிக் கெட்டவர் சிலரே.

மூன்றாம் பிழை, அளவாமல் ஊகித்தல். இரண்டு அங்குல விட்டமுள்ள கிராங்க் ஷாப்டுக்கும் அதன் பேரிங்குக்கும் இடையே இருக்க வேண்டிய வெளி ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர், நம் தலைமயிரின் பருமனினும் குறைவு. இதனைக் கட்டைவிரலால் அறிய இயலுமா? மைக்ரோமீட்டரும் சிலிண்டர் அளக்கும் போர் கேஜும் வேண்டும். புதிய ரிங்கு என்பதற்காக அப்படியே பூட்டுதலும் ஆகாது. ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராகச் செருகி, அதன் இரு முனைகளுக்கும் இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். இடைவெளி போதாதாயின், சூட்டில் ரிங்கு விரிந்து முனைகள் முட்டிச் சிலிண்டரைக் கீறிவிடும். சிலிண்டரைக் குடைதலும் கிராங்க் ஷாப்டைச் சாணை பிடித்தலும் வீட்டு வேலையல்ல. அவற்றுக்குத் தேர்ந்த லேத்துப் பட்டறையை நாடுக. உதிரிப் பொருள்களுக்கு ஜே. சி. சாலைக் கடைகள் உண்டு. ஆயினும் உறை சொல்லும் அளவை நம்பாமல் வீட்டில் அளந்து பார்த்த பின்னரே பூட்டுக. அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டமையால், ஒரு பொருளைக் கெடுத்தால் மற்றொன்று தேடுவது முன்போல் எளிதன்று.

நான்காவது, நாங்கள் செய்த பிழை: தூய்மைக் குறைவு. குடைந்து தேய்த்த சிலிண்டரை மண்ணெண்ணெயால் மட்டும் துடைத்தால் நுண்பொடி துளைகளில் தங்கிவிடும். வெந்நீரும் சவர்க்காரமும் இட்டுத் தூரிகையால் தேய்த்துக் கழுவுக. வெள்ளைத் துணியால் துடைத்து, துணி வெள்ளையாகவே வரும்வரை விடாதீர்கள். பின் உடனே எண்ணெய் பூசுக. இன்றேல் சற்று நேரத்தில் துரு ஏறும். எண்ணெய் ஓடும் துளை ஒவ்வொன்றிலும் தூரிகை புகவேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டா. பழைய வேட்டியும் பொறுமையும் போதும்.

ஐந்தாம் பிழை, கை வலிமையை நம்பி முடுக்குதல். ஹெட்டின் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, நூல் கூறும் வரிசையில், இரண்டு மூன்று கட்டமாக டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருக்க, அதன்மேல் போல்ட்டை இறுக்கினால் பிளாக்கே பிளக்கக்கூடும். பழைய கேஸ்கட்டை மீண்டும் இடுவது சிக்கனமன்று. பிற்கால எஞ்சின்கள் சிலவற்றில் ஹெட் போல்ட்டுகள் ஒரு முறை மட்டுமே பயன்படுவன, அவற்றையும் மாற்றுக.

ஆறாம் பிழை, முதல் முழக்கத்தில் அவசரம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தம் தெரியும்வரை ஸ்டார்ட்டரால் சற்றுச் சற்று விட்டுச் சுழற்றுக. அதன் பின்னரே உயிர் கொடுக்க வேண்டும். பிளக் வயர்களை 1-3-4-2 என்னும் வரிசை தவறாமல் மாட்டுக. புதிய கேம் ஷாப்டும் டாப்பெட்டும் இட்டிருந்தால், முதல் 20 நிமிடம் மந்த கதியில் விடாமல் சற்று விரைவாகவே ஓட விடுக. மெல்ல ஓடும்போது அவற்றுக்கு எண்ணெய் போதாது. முதல் எண்ணெயை 500 கிலோமீட்டருக்குள் மாற்றி, அதில் உலோகப் பொடி உண்டா என்று பாருங்கள். தொலைவான பயணம் அதற்குப் பின்னரே. நாங்களோ முதல் ஓட்டத்திலேயே குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போனோம்!

தாய்மார்களே! அடுத்த சொல் உங்களுக்கு. மரக்கிளையில் சங்கிலி கட்டி எஞ்சினைத் தூக்க எவரேனும் முனைந்தால் தயங்காமல் தடுத்து நிறுத்துங்கள். தொங்கும் எஞ்சினுக்கோ, ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கோ அடியில் எவரும் செல்லலாகாது. பெட்ரோல் திறந்திருக்கும் இடத்துக்கு அருகே விளக்கோ அடுப்போ எரியலாகாது. மூடிய அறையில் எஞ்சினை ஓட விட்டால், மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். இவை பிழைகள் அல்ல, பேரிடர்கள்.

மின்சாரக் கார்கள் பெருகிவரும் இந்நாளில் இவ்வுழைப்பு எதற்கு என்று இளைஞர் கேட்கலாம். வண்டியின் வகை மாறலாம். அளந்து செய்க, கழுவிச் செய்க, விரையாது செய்க என்னும் நெறி மாறாது. பதறாத காரியம் சிதறாது என்பது எந்த இயந்திரத்துக்கும் பொருந்தும்.

அந்த அம்பாசிடரை இரண்டு திங்கள் உழைத்து மீண்டும் பூட்டினோம். இம்முறை பெரியவர் நாற்காலியிட்டு அருகில் அமர்ந்திருந்தார். ஒவ்வொரு துளையும் அவர் கைத்துணிக்குத் தேறிய பின்னரே மூடப்பட்டது. அடுத்த பொங்கலுக்கு ஊர் சென்று திரும்பினார். இன்று அவர் நம்மிடையே இல்லை. வண்டி ஓடுகிறது. சென்ற ஞாயிறன்று வேறொரு காரின் எஞ்சினை நாங்கள் மூடப் போகையில், அருகில் நின்ற அவருடைய பேத்தி, “மாமா, துணி விட்டுப் பார்த்தீர்களா?” என்று கேட்டாள். வெட்கத்தோடு மூடியைத் திறந்தோம். துணி கறுத்தே வந்தது.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் நூலகத்தில் நூல்களுக்கு அருகே ஒரு நிலைப்பெட்டி அமைப்போம். ஒரு டார்க் ரெஞ்சு, ஒரு மைக்ரோமீட்டர், ஓர் அழுத்தமானி ஆகியவை அதில் இருக்கட்டும். நூலைப் போலவே குறிப்பேட்டில் எழுதி வாங்கிச் செல்லட்டும். ஆலைகளில் அரை நூற்றாண்டு உழைத்த முதியோர் இன்னும் பலர் இவ்வவையில் இருக்கிறீர்கள். உங்கள் கையறிவை ஞாயிறு ஒன்றுக்கு ஒரு மணி நேரம் எங்கள் பிள்ளைகளுக்கு வழங்குங்கள். முதற் கருவிகளை நாங்கள் நால்வரும் வாங்கித் தருகிறோம். வேட்டித் துணியை நீங்கள் கொண்டு வாருங்கள்.