இறந்தவர்களின் கணக்கை யார் எழுதுவது?



இந்த நினைவுச் சொற்பொழிவில் நாம் ஓர் இடுகாட்டைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அது நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில் இருக்கிறது. அங்கே கறுப்பின மக்கள் நடத்திய போராட்டத்தில் நமக்கு ஒரு வேலை காத்திருக்கிறது.

1697இல் அந்நகரின் டிரினிட்டி தேவாலயம், தன் கல்லறைத் தோட்டத்தில் ஆப்பிரிக்கர்களைப் புதைக்கத் தடை போட்டது. அடிமைகளாக்கப்பட்டவர்களும் விடுதலை பெற்ற கறுப்பர்களும் ஊருக்கு வெளியே தம் இறந்தவர்களைப் புதைத்தார்கள். சேரி ஊருக்கு வெளியே, இடுகாடு அதற்கும் அப்பால் என்று வாழ்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அங்கேயும் அவர்களை நிம்மதியாக விடவில்லை. இரவில் புதைக்கக் கூடாது என்று 1722இல் சட்டம் போட்டார்கள். ஒரு சாவுக்கு 12 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று 1731இல் சட்டம் போட்டார்கள். மருத்துவம் படிப்பவர்கள் பிணங்களைத் தோண்டித் திருடுகிறார்கள் என்று 1788இல் கறுப்பர்கள் நகர மன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். 1790களில் இடுகாடு மூடப்பட்டது. மண் கொட்டி மேடாக்கி, மனை போட்டுக் கட்டடம் கட்டினார்கள்.

சாவுக்கு எத்தனை பேர் வரலாம் என்று எழுதி வைத்த அரசு, செத்தவர் யார் என்று எழுதி வைக்கவில்லை.

1991இல் அங்கே அலுவலகக் கட்டடம் எழுப்ப அமெரிக்க அரசு தோண்டியது. பழைய வரைபடத்தில் இடுகாடு இருந்தது. ஆனாலும் பிந்தைய கட்டடங்களின் அடித்தளம் எல்லாவற்றையும் அழித்திருக்கும் என்று எண்ணினார்கள். 419 பேரின் எலும்புகள் வெளியே வந்தன. எலும்புக்கு ஓர் எண் கிடைத்தது, பெயர் இல்லை. அவசர வேலையில் சில குழிகளை இயந்திரம் சிதைத்தது. மக்கள் தெருவில் இறங்கினார்கள். 1992இல் தோண்டுவது நின்றது.

அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. ஆய்வு எங்கள் அறிஞர்கள் கையில் இருக்க வேண்டும் என்றார்கள். எலும்புகள் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றன. மைக்கேல் பிளேக்கி தலைமையில் நடந்த ஆய்வு, என்ன கேள்வி கேட்பது என்பதையே அந்தச் சமூகத்திடம் கேட்டு முடிவு செய்தது. எங்கிருந்து வந்தார்கள், எப்படி உழைத்தார்கள், எப்படி எதிர்த்தார்கள் என்று தேடினார்கள். இறந்தவர்களில் பெரும் பங்கினர் குழந்தைகள் என்பதும், சுமை தூக்கித் தூக்கி எலும்புகள் காயப்பட்டிருந்தன என்பதும் அப்படித்தான் பதிவாயின. 2003இல் கானாவில் செதுக்கிய பெட்டிகளில் அதே மண்ணில் மீண்டும் புதைத்தார்கள். 2006இல் அது தேசிய நினைவிடமானது.

நம் பக்கம் வருவோம். 2019இல் வாணியம்பாடி அருகே, பாதை மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். இடுகாடு இருந்தால் போதாது, பாதையும் காகிதத்தில் இருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் குழி வெட்டியவர்கள் நம் தாத்தாக்கள். எந்தக் குழி யாருடையது என்பது அவர்கள் மனதில் இருந்தது. பதிவேடு மட்டும் நம் கையில் இருந்ததில்லை.

சாலை, கட்டடம் என்று இடுகாட்டை எடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது ஆதாரம். அவர்கள் வருவதற்கு முன்பே நாம் எழுதிவிட வேண்டும். மாணவர்களே, ஒரு நோட்டுப் போதும். இடுகாட்டின் புல எண், பரப்பு, நான்கு எல்லை, பாதை ஆகியவற்றை எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ பதிவேட்டில் அந்த நிலம் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பெரியவர்களை அழைத்துச் சென்று, யார் எந்த மூலையில், எந்த ஆண்டில் என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த கிராம சபையில் அதைத் தீர்மானமாக்குங்கள்.

இடம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை ஒருநாள் வரலாம். அன்றைக்கு நம் இறந்தவர்கள் எண்களாகப் போகக் கூடாது. நாம் எழுதிய கணக்குப்படி, நம் கண் முன்னால், பெயரோடு போக வேண்டும்.